ரகசியம் வேறு, உடம்பு வேறு

ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்காக எழுதிய அத்தியாயம் இது. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். தன்னை 'கே' என்று சொல்லிக்கொள்பவர் இதைப் படிக்கலாம். எந்தப் பெயரும் எனக்கு வேண்டாம் என்பவரும் படிக்கலாம். மனைவி பிள்ளைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டு, இது ஒரு பக்கம் இருக்கட்டும் என்று வாழ்பவரும் படிக்கலாம்.

மலாக்காவில் நம்மவர் வாழ்க்கை எப்படி என்று தெரியாதவர்கள் எழுதிய சுகாதாரக் கையேடுகள் நிறைய உண்டு. 'தயங்காமல் அருகிலுள்ள கிளினிக்கை நாடுங்கள்' என்று முடித்துவிடுவார்கள். ஜாசினிலோ மெர்லிமாவிலோ அருகிலுள்ள கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் உங்கள் அத்தை மகளாக இருப்பார். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போனால் எதிரே வருபவர்களில் பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் ஒரு காலத்தில் ஒரே லயத்தில் இருந்தவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா மரம் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் தாமான் வீடுகளுக்கும் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டாலும், செய்தி மட்டும் லயத்து வேகத்தில்தான் ஓடுகிறது. இந்தப் பயம் நியாயமானது. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ரகசியத்தைக் காத்துக்கொண்டே உடம்பையும் காக்க முடியும். யாரிடமும் எதையும் அறிவிக்காமல் செய்யக்கூடிய காரியங்கள்தான் இங்கே பெரும்பாலும் வருகின்றன.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 377ஏ பிரிவு ஆசனவாய், வாய் வழியான புணர்ச்சியைக் குற்றம் என்கிறது. 377பி அதற்கு 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் வைத்திருக்கிறது. 377டி வேறு நெருக்கங்களையும் பிடிக்கக்கூடியது. இவை எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு மட்டும். இந்தியாவில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் குற்றத்தை நீக்கியது, சிங்கப்பூரில் 2023 ஜனவரியில் அந்தச் சட்டப்பிரிவு போனது. இங்கே அது நிற்கிறது. இன்னொரு பக்கம், மருத்துவரிடம் நீங்கள் சொல்வது மருத்துவ ரகசியம். அதைக் காப்பது மலேசிய மருத்துவ மன்றம் மருத்துவருக்கு விதித்த கடமை. நிர்வாணப் படத்தைப் போனில் அனுப்புவது தனிக் குற்றமாகலாம். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ஆகவே முகமும் உடம்பும் ஒரே படத்தில் வேண்டாம். மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கும் அந்தப் படம்தான் மூலதனம். செயலியில் பழகியவரை முதல்முறை பார்க்கும்போது மக்கோத்தா பரேட் மாதிரிச் சனக்கூட்டமுள்ள இடத்தில் பாருங்கள். ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இனி உடம்பு.

பின்வழிப் புணர்ச்சியில் வலி வருவது இயற்கை, பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய. தவறு. ஆசனவாயில் இரண்டு தசை வளையங்கள் உண்டு. வெளி வளையம் நம் சொல்லைக் கேட்கும். உள் வளையம் கேட்காது; மனம் அமைதியாக இருந்தால்தான் அது தளரும். யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்ற அச்சத்தில், செம்பனைக் காட்டோரம் நிறுத்திய காரில், ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அது இறுகிக்கொள்ளும். அப்போது தள்ளினால் தோல் கிழியும். வலி அங்கிருந்துதான் வருகிறது. கிழிந்த இடம் கிருமிக்கும் வழி.

ஆகவே இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதே முதல் வைத்தியம். மலாக்காப் பட்டணத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான மலிவு விடுதிகளுக்குக் குறைவில்லை. இரண்டு ஆண்கள் ஓர் அறை எடுத்தால் வேலையாக வந்தவர்கள் என்றே பெரும்பாலும் நினைப்பார்கள். நகம் வெட்டிய ஒரு விரல், நிறைய ஜெல், மெதுவான மூச்சு என்று தொடங்குங்கள். உள்ளே போகும் நேரத்தில் மலம் கழிக்கும்போது முக்குவதுபோல லேசாக முக்கினால் வளையம் திறக்கும். இறுக்கிப் பிடிப்பதுதான் வலிக்கும். ஏற்பவர் மேலே இருந்தால் வேகமும் ஆழமும் அவர் கையில் இருக்கும். ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்குச் சுகம். வலித்தால் நிறுத்துங்கள். 'அண்ணே, கொஞ்சம் நில்லுங்க' என்று சொல்லவும், 'டேய், இன்னைக்கு வேணாம்டா' என்று சொல்லவும் கூச்சப்படுபவர்கள்தான் மறுநாள் உட்கார முடியாமல் தவிக்கிறார்கள். அப்படிச் சொன்ன பிறகும் நிறுத்தாதவனோடு இன்னொரு முறை போகாதீர்கள்.

மரத்துப்போகச் செய்யும் கிரீம்களைத் தடவிக்கொள்ளாதீர்கள். வலி என்பது உடம்பு தரும் எச்சரிக்கை. அதை வாயடைத்துவிட்டால் காயம் பட்டது பிறகுதான் தெரியும்.

இன்னொன்று. எல்லாரும் இதைச் செய்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கையாலும் வாயாலும் தொடையிடுக்காலும் அணைப்பாலும் திருப்தியாக வாழும் ஆண்கள் ஏராளம். செய்தால்தான் ஆம்பளை, வாங்கினால் பொம்பளை என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே பலர் விருப்பமில்லாததைச் செய்கிறார்கள், விரும்பியதைச் செய்யாமல் இருக்கிறார்கள்.

ஜெல் விஷயத்தில்தான் நம் வீடுகளில் பெரிய குழப்பம். ஆசனவாய் தானாக ஈரம் சுரக்காது. எச்சில் போதாது, சீக்கிரம் காய்ந்துவிடும். கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய், வாசலின், நல்லெண்ணெய், குழந்தைக்குத் தடவும் எண்ணெய். ஆணுறை இல்லாதபோது இவை வழுக்கும் என்பது உண்மை. ஆணுறையோடு சேர்ந்தால் கேடு. சாதாரண ஆணுறை கித்தாப் பாலில் செய்தது. எண்ணெயும் கித்தாவும் சேராது என்பது பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; டீசல் பட்ட கித்தாச் செருப்பு உப்பி நைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் பட்ட ஆணுறையும் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். நடுவில் கிழிந்தது இருட்டில் தெரியக்கூடத் தெரியாது.

வாங்க வேண்டியது தண்ணீர் அடிப்படையிலான ஜெல் அல்லது சிலிகோன் ஜெல். வாட்சன்ஸிலும் கார்டியனிலும் ஆணுறைக்குப் பக்கத்திலேயே இருக்கும். சிலிகோன் வகை அதிக நேரம் காயாது, பின்வழிக்கு நல்லது. தண்ணீர் வகை காய்ந்தால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு போதும் என்று தோன்றும்போது இன்னும் ஒரு மடங்கு போடுங்கள். கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆன்லைனில் வாங்கலாம்; வீட்டில் அம்மா பொட்டலத்தைப் பிரித்துவிடுவார் என்றால் கல்யாணமான நண்பர் வீட்டு முகவரிக்கு வரவழையுங்கள். கல்யாணமானவர் ஜெல் வாங்கினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இது அநியாயம்தான், ஆனால் வசதி.

உலகின் மிகப் பெரிய ஆணுறை நிறுவனமான கேரெக்ஸ் போர்ட் கிள்ளானைத் தலைமையிடமாகக் கொண்டது; ஜொகூர் பொந்தியானில் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. உலகில் ஐந்தில் ஓர் ஆணுறை தங்களுடையது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. நம் தாத்தாக்கள் விடியலில் மங்கு கட்டிப் பால் எடுத்த நாட்டில், பேரன் ஆணுறை வாங்கக் கூசுகிறான். போகட்டும். வாங்கியதை மணிபர்ஸிலும் மோட்டார் சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் மோட்டாரின் சூட்டில் அது கெட்டுவிடும். காலாவதித் தேதியைப் பாருங்கள். பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவார்கள். உரசிக் கிழிவதுதான் மிச்சம். நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றி மாட்டுங்கள். முடிந்ததும் அடியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள்.

அடுத்தது சுத்தம் பற்றிய கவலை. நார்ச்சத்து சாப்பிடுபவருக்கு, காலையில் ஒழுங்காக மலம் போகிறவருக்கு, வெளியே தண்ணீரில் கழுவினாலே பெரும்பாலும் போதும். கீரை, பப்பாளி, கொய்யா, இரவில் ஒரு கரண்டி இசப்கோல், நிறையத் தண்ணீர். முந்தைய இரவு காரசாரமான பிரட்டல் வேண்டாம். உள்ளே கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் ஃபார்மசியில் கிடைக்கும் சின்ன ரப்பர் பல்பில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் மட்டும். சோப்பு, டெட்டால், எலுமிச்சை எதுவும் கூடாது. கழிவறையில் தொங்கும் ஹோஸை உள்ளே வைத்துத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அழுத்தம் குடலைக் காயப்படுத்தும். கழுவிய பிறகு அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அடிக்கடி கழுவினால் உள்சவ்வு புண்ணாகி, கிருமி ஏறுவது எளிதாகிவிடும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கொஞ்சம் அழுக்குப் படும். துண்டை எடுத்துத் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள்.

துடைக்கும்போது இரண்டு சொட்டு ரத்தம் தெரிந்தால் சின்ன வெடிப்பாக இருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள், காலை மாலை வெந்நீர் பேசினில் உட்காருங்கள், மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தால், உள்ளே ஏதாவது பொருள் மாட்டிக்கொண்டால், மலாக்கா ஆஸ்பத்திரியோ ஜாசின், அலோர் காஜா ஆஸ்பத்திரியோ, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இடுக்கியால் எடுக்கப் பார்ப்பதும் பேதி மருந்து குடிப்பதும் நிலைமையை மோசமாக்கும். அவசரப் பிரிவில் இருப்பவர்கள் இதையெல்லாம் பார்த்துப் பழகியவர்கள். மூலம் உள்ளவர்கள், அது வீங்கியிருக்கும் நாட்களில் விலகியிருப்பது நல்லது.

நோய்களுக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது 1986இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் செய்த ஆய்வில். மலேசியாவின் முதல் நோயாளியும் அதே ஆண்டில்தான் கண்டறியப்பட்டார். அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் 'பிங்க் டிரையாங்கிள்' என்ற பெயரில் ஒரு தொலைபேசி ஆலோசனைச் சேவை தொடங்கியது, இன்றைய பி.டி. ஃபவுண்டேஷன் அதுதான். ஒரு காலத்தில் இங்கே எச்.ஐ.வி. போதை ஊசி போட்டுக்கொள்பவர்களிடமே அதிகம் பரவியது. 2002இல் மட்டும் 6,978 புதிய நோயாளிகள். ஊசி மாற்றித் தரும் திட்டம் வந்தபின் அது அடங்கிவிட்டது. இப்போது புதிய தொற்றுகளில் பெரும்பகுதி உடலுறவால் வருகிறது, அதிலும் பாதிக்கு மேல் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தடுப்பதற்கு இன்று இருக்கும் வழிகள் 1986இல் கற்பனைக்கும் எட்டாதவை.

முதல் வழி பிரெப் மாத்திரை. எச்.ஐ.வி. இல்லாதவர் தொற்றாமலிருக்கச் சாப்பிடுவது. தினம் ஒன்று போடலாம். எப்போதாவது மட்டும் உறவு கொள்ளும் ஆண்களுக்கு இன்னொரு முறையை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றது: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை, அந்த இரண்டைப் போட்டதிலிருந்து 24 மணி கழித்து ஒன்று, மறுபடி 24 மணி கழித்து ஒன்று. மாதம் ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்கு வரும் பையன்களுக்கு இது தோது. ஆனால் தொடங்குமுன் எச்.ஐ.வி., சிறுநீரகம், ஹெப்பாடைட்டிஸ் பி ஆகிய பரிசோதனைகள் கட்டாயம். ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர்கள் இதைத் தொடங்கிவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, ஈரல் பாதிக்கப்படும். தனியார் கிளினிக்குகளில் பிரெப் கிடைக்கிறது. 2023 முதல் சில அரசாங்கக் கிளினிக்குகளிலும் கொடுக்கத் தொடங்கினார்கள். மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் 'மை பிரெப் லொக்கேட்டர்' இணையப் பக்கத்தில் அருகிலுள்ள இடத்தைத் தேடிக்கொள்ளலாம். பிரெப் எச்.ஐ.வி.க்கு மட்டும்தான். மேகப்புண்ணையும் வெட்டையையும் அது தடுக்காது.

இரண்டாவது, தெரிந்துகொள்வது. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் பெயர் சொல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாம். கவுண்ட்டரில் 'சாயா நாக் புவாட் சாரிங்ஙான் தன்பா நாமா' என்று சொன்னால் போதும், பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் கொடுப்பார்கள். ஜாசின்காரர் மூவாருக்குப் போகலாம், அலோர் காஜாக்காரர் தம்பினுக்கோ சிரம்பானுக்கோ போகலாம். அங்கே உங்களை யாருக்குத் தெரியும்? அதுவும் முடியாது என்றால் வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட்டை எய்ட்ஸ் மன்றத்தின் 'டெஸ்ட் நவ்' பக்கத்தில் வரவழைக்கலாம். நேற்று நடந்ததை இன்று சோதித்தால் ஒன்றும் தெரியாது. ஆய்வகத்தில் செய்யும் புதிய வகை ரத்தப் பரிசோதனைக்கு 45 நாள், வீட்டு கிட்டுக்கு 90 நாள் கழித்துத்தான் முடிவை நம்பலாம்.

முடிவு 'பாசிட்டிவ்' என்றால், உறுதிப்படுத்தும் பரிசோதனைக்குப் பிறகு விவரம் சுகாதார இலாகாவுக்குப் போகும். 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி அது கடமை. முதல்நிலை மருந்துகளை 2006 முதல் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவால் எச்.ஐ.வி. பரவாது. 2019இல் லான்செட்டில் வந்த பார்ட்னர் 2 ஆய்வில் 782 ஆண் இணையர்கள், ஆணுறையில்லாமல் 76,000க்கு மேற்பட்ட உறவுகள். துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே 'எனக்கு இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன்' என்று ஒருவர் சொன்னால் ஓடாதீர்கள். இரண்டு வருடமாகச் சோதிக்காமல் 'நான் கிளீன்' என்று சொல்பவரை நம்புவதில்தான் ஆபத்து அதிகம்.

மற்ற நோய்களில் மேகப்புண்தான் ஏமாற்றுக்காரன். வலிக்காத புண் ஒன்று வந்து தானே ஆறும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு வரும், அதுவும் போய்விடும். நோய் போகாது. ரத்தப் பரிசோதனையில் தெரியும், ஆரம்பத்திலேயே பிடித்தால் ஒரு பென்சிலின் ஊசியில் தீரும். வெட்டையும் கிளமிடியாவும் தொண்டையிலும் ஆசனவாயிலும் எந்த அறிகுறியுமின்றி இருக்கக்கூடும். சிறுநீரைச் சோதித்தால் அங்கிருப்பது தெரியாது. இதனால்தான் ஒரே ஒருவரிடம், மருத்துவரிடம் மட்டும், உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'டாக்டர், நான் ஆண்களோடு உறவு வைத்துக்கொள்கிறேன். தொண்டையிலும் பின்பக்கமும் ஸ்வாப் எடுக்க வேண்டும்.' இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் எந்த விளக்கமும் தேவையில்லை. அவர் முகம் சுளித்தால் அல்லது புத்திமதி சொல்ல ஆரம்பித்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு கிளினிக் பாருங்கள். நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள், மலாக்காவிலும்.

தடுப்பூசிகளையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மலேசியாவில் ஹெப்பாடைட்டிஸ் பி ஊசி 1989 முதல்தான் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் சோதித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எச்.பி.வி. ஊசியை 2010 முதல் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் போட்டார்கள், பையன்களை விட்டுவிட்டார்கள். ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் மருவுக்கும் காரணம் அந்த எச்.பி.வி. கிருமிதான், ஆகவே காசு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

'ஐஸ்' என்ற போதைப்பொருளைப் போட்டுக்கொண்டு உறவு கொள்ளும் கூட்டங்களுக்கு அழைப்பு வந்தால் போகாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். வலியும் தெரியாது, களைப்பும் தெரியாது, ஆணுறை ஞாபகமும் இருக்காது. இரண்டு நாள் கழித்து எழும்போது என்ன நடந்தது என்றே தெரியாது. போகிறவர்கள் ஊசியை யாரோடும் பகிரக் கூடாது. முகர்ந்து பார்க்கும் பாப்பர்ஸ் புட்டியையும் வயாக்ரா வகை மாத்திரையையும் ஒரே இரவில் சேர்த்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

கல்யாணமானவர்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டிலிருப்பவருக்குத் தெரியாமல் நீங்கள் எடுக்கும் ஆபத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறது, சம்மதம்தான் இல்லை. நீங்கள் யார் என்று அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது வேறு விஷயம். அதை இந்த நூல் தீர்க்காது. ஆனால் வெளியே ஆணுறையும் பிரெப்பும், மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனையும் உங்கள் கடன். மனைவி கர்ப்பமாக இருக்கும் காலத்தில் இரட்டிப்புக் கடன், மேகப்புண்ணும் எச்.ஐ.வி.யும் வயிற்றுப் பிள்ளைக்குப் போகக்கூடும்.

கடைசியாக, ஆணுறை கிழிந்துவிட்டால் அல்லது போடாமலே நடந்துவிட்டால். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கப் பெப் என்ற மருந்து இருக்கிறது, பிரெப் வேறு இது வேறு. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் ஒருநாளும் விடாமல் சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கட்கிழமை வேலை முடிந்து போகலாம் என்று இருந்தால் நேரம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டிருக்கும். சனிக்கிழமை காலையிலேயே பிரெப் தரும் தனியார் கிளினிக்குகளுக்குப் போன் போட்டு 'பெப் இருக்கா?' என்று கேளுங்கள். பட்டணத்தில் இல்லையென்றால் மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கோலாலம்பூர். கையில் காசில்லை என்றால் நண்பரிடம் கடன் வாங்குங்கள், காரணம் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒரே வருடத்தில் இரண்டாவது முறை ஓட வேண்டி வந்தால், அந்த 28 நாள் முடிந்து பரிசோதனை செய்த கையோடு, இடைவெளி விடாமல் பிரெப்பைத் தொடங்கிவிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.